மேனேஜரின் முதுகில் பச்சை மார்க்கா

ஆமையின் ஓட்டில் வியாதி வந்தால் அது வெளியே தெரிய மூன்று மாதம் ஆகும். ஆமையைத் தூக்கிக்கொண்டு வந்தவரின் வாயிலிருந்து உண்மை வெளியே வர அதைவிட அதிக நேரம் ஆகும்.

ஏதாவது ஒரு கவுண்டருக்குப் பின்னால் நின்று வேலை பார்ப்பவராக இருந்தால் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மொபைல் ரிப்பேர் கடையில், "தண்ணியே படல அண்ணே" என்று நீட்டிய போனைத் திறந்தால் உள்ளே மீன் நீந்தாத குறைதான். மிக்சி ரிப்பேரில், தையல் கடையில், எங்கேயும் இதே கதை. உங்களுடைய பொருள் சாகாது, என்னுடையது சாகும். அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் பிளஸ் ஒன் பாதியில் நின்றவள். ஏன் என்று கேட்டால் ஒரே வார்த்தை: கெமிஸ்ட்ரி. அந்தப் பாடத்தைக் கொஞ்சம் கவனித்திருந்தால் கீழே எழுதப்போவதில் பாதி நடந்தே இருக்காது. திருவனந்தபுரம் தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கச் சந்தில் ஒரு கிளினிக். நாய், பூனை பார்ப்பதில்லை. கிளி, முயல், ஆமை மட்டும். பிந்து டாக்டர் வைத்தியம் பார்ப்பார். மருந்துக் கவுண்டரில் சஜி சேட்டன். பிடித்துக்கொள்வது, கழுவுவது, மருந்து தடவுவது, தரை துடைப்பது எல்லாம் நான். வந்தவர்களை மலையாளத்திலும் தமிழிலும் திட்டுவதும் நான்தான், அதற்குத் தனியாக ஆள் போடவில்லை.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆமை ஓடு என்பது சட்டை மாதிரி மேலே மாட்டிக்கொண்டது இல்லை. அது எலும்பு. அதில் ரத்தம் ஓடுகிறது, தொட்டால் ஆமைக்குத் தெரியும், குத்தினால் வலிக்கும். இதை ஒரு நாளைக்கு நாலு பேரிடம் சொல்கிறேன். நாலு பேரும் தலையாட்டுகிறார்கள்.

குளிப்பதற்கு முன்னால்

லீலா சேச்சி ஒரு தண்ணீர் ஆமையைப் பிளாஸ்டிக் வாளியில் வைத்துக் கொண்டுவந்தார். பெயர் அம்மு. மகன் ஆசைப்பட்டு வாங்கிவிட்டு பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டான். ஆமை சேச்சியிடம் தங்கிவிட்டது. ஓட்டில் அங்கங்கே வெள்ளை வெள்ளையாக, நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுகிற அளவுக்கு ஊறிப்போயிருந்தது. "மேலே எதுவும் தடவினீங்களா?" என்று டாக்டர் கேட்டார். "ஒண்ணும் செய்யல டாக்டரே." தண்ணீர் மாற்றுகிறீர்களா, வெயிலில் வைக்கிறீர்களா என்று ஒரு சுற்று சுற்றிவந்து டாக்டர் மறுபடியும் அதையே கேட்டார். "ஒண்ணும் செய்யல." மூன்றாவது முறையும் அதே பதில்.

எனக்குப் பொறுமை கிடையாது. சேச்சியின் வலது கையைப் பிடித்து மூக்குப் பக்கம் கொண்டுவந்து மோந்து பார்த்தேன். தேங்காய் எண்ணெய். "சேச்சி, டாக்டர்கிட்ட பொய் சொன்னா சாகப்போறது நீங்க இல்ல, ஆமை" என்றேன், வெயிட்டிங் ஹால் முழுக்கத் திரும்பிப் பார்க்கிற சத்தத்தில். தினமும் எண்ணெய் பூசி, அந்தப் பிசுக்கில் அழுக்கு ஒட்டி, அதற்குக் கீழே பூஞ்சை பிடித்திருக்கிறது. சேச்சிக்கு முகம் சிவந்துவிட்டது. என்னைப் பார்க்கவே இல்லை. டாக்டரைப் பார்த்துச் சொன்னார்: "அது தடவுறது இல்லல்லோ டாக்டரே, குளிக்கிறதுக்கு முன்னாடி எல்லாரும் தேய்ச்சுக்கிறதுதானே."

தானாகவே ஒட்டியது

பக்கத்து லாட்ஜில் தங்கி கோச்சிங் படிக்கிற ஒருவன், லாட்ஜ்காரருக்குத் தெரியாமல் கட்டிலுக்கு அடியில் வளர்த்த ஆமையை புத்தகப் பையில் போட்டுக்கொண்டு வந்தான். ஓட்டில் ஓரத்திலிருந்து நடுமுதுகு வரை ஒரு விரிசல். அந்த விரிசலின் மேல் ஒரு விநாடியில் ஒட்டுகிற பசையைப் பிழிந்திருந்தான். உள்ளே மாட்டிக்கொண்ட மண்ணும் முடியும் அழுகி, ஒட்டின கோடு முழுக்க வீங்கிக் கிடந்தது. பசையை எடுத்து விரிசலைத் திறந்து கழுவினால்தான் பிழைக்கும். மேல் ஓட்டுக்கு நேர் அடியில் நுரையீரல். டாக்டரின் கை ஒரு மயிரிழை தவறினால் முடிந்தது. ஒரு மணி நேரம் நான் ஆமையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டாக்டரின் நெற்றி வியர்வையைத் துடைக்கக்கூட கையை எடுக்க முடியவில்லை.

நடுவில் டாக்டர் கேட்டார், எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தது என்று. விழவே இல்லை என்றான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவனையே பால்கனியிலிருந்து கீழே போட்டுப் பார்க்கலாம் போலிருந்தது. "எந்த மாடின்னு மட்டும் சொல்லு. உள்ளே எவ்வளவு அடின்னு டாக்டருக்குத் தெரியணும்" என்று கத்தினேன். அழுதுவிட்டான். அழுதுகொண்டே சொன்னான்: "விழுந்தது என்னமோ மூணாவது மாடியில இருந்துதான் அக்கா, ஆனா ஒட்டிக்கிட்டது அதுவாத்தான்."

சாக்கிலிருந்து வந்த பச்சை

இனி வருவது எல்லாம் மேனேஜரைப் பற்றி.

ஆரியசாலை மார்க்கெட்டில் சண்முகவேல் அண்ணாச்சியின் பருப்பு, மிளகாய் வத்தல் மொத்தக் கடையில் அப்பாவுக்குத் தராசு வேலை. கூடவே சாக்குகளுக்குப் பெயிண்டில் கடை மார்க்கா போடுகிற வேலை. அந்தக் கடையில் ஒரு தரை ஆமை உண்டு. வெளிநாட்டு இனம், தாம்பாளம் அளவு இருக்கும், வளர்ப்பதற்கான அனுமதிக் காகிதமெல்லாம் சரியாக இருக்கிறது. வேலை எதுவும் செய்யாமல் சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் சரியாக முன்னால் வந்து நிற்பதால் மூட்டை தூக்குகிறவர்கள் வைத்த பெயர் மேனேஜர். அது வந்த பிறகுதான் கடை ஓடுகிறது என்பது அண்ணாச்சியின் நம்பிக்கை. என் அம்மாவுக்கோ ஆமை என்ற பேச்சே வீட்டுக்குள் வரக்கூடாது. வேலை முடிந்து போனால் வாசலிலேயே கை கால் கழுவித்தான் நான் உள்ளே ஏற வேண்டும். சனிக்கிழமை கடை திறந்ததும் முதல் எடை மேனேஜருக்கு. அப்பாதான் தட்டில் ஏற்றுவார். நாலு சனிக்கிழமையாக எடை இறங்குகிறது என்று கண்டுபிடித்துச் சொன்னதும் அவர்தான்.

ஒரு திங்கட்கிழமை ஆட்டோவில் சாக்கு விரித்து, அப்பா மடியில் பிடித்துக்கொள்ள, அண்ணாச்சியே மேனேஜரைக் கொண்டுவந்தார். அதன் முதுகைப் பார்த்ததும் டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டார். நடு ஓட்டில் பச்சை பெயிண்டில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் 'ச.வே.' கடை மார்க்கா. "இது யார் செய்தது?"

எனக்குத் தெரியும். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அப்பா தகரத்தில் வெட்டிய அச்சை வைத்துத் தராசு, தள்ளுவண்டி, கதவு என்று எல்லாவற்றுக்கும் புது மார்க்கா போடுவார். கடைசியாக மேனேஜருக்கு. அண்ணாச்சி பக்கத்தில் நின்று, "ஓரம் பிசகாம அடிலே" என்பார். வருஷத்துக்கு ஒரு பூச்சு, பழைய பூச்சின் மேலேயே. நான் வாயைத் திறந்தேன். அப்பா மேஜைக்குக் கீழே என் காலை மிதித்துவிட்டு ஃபேனைப் பார்த்தார். அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். "ஒண்ணும் செய்யல டாக்டர், சாக்கு மேல படுக்கும்லா, அதுல இருந்து ஒட்டியிருக்கும்."

மூன்று நாள் வேலை

டாக்டர் கத்தியின் முதுகால் பெயிண்டின் ஓரத்தை நெம்பினார். பக்கு மாதிரிப் பெயர்ந்து வந்தது. கீழே ஓடு கறுத்து, பட்டாணி அளவில் ஒரு ஓட்டை, நாற்றம். பெயிண்டுக்கு அடியில் ஈரம் நின்று அழுகியிருக்கிறது. மிச்சப் பெயிண்டுக்குக் கீழே இன்னும் எத்தனை ஓட்டை என்பது முழுசும் எடுத்தால்தான் தெரியும். மேனேஜரைக் கிளினிக்கிலேயே வைத்துக்கொண்டோம். எடுக்கிற வேலை எனக்கு, கை நடுங்காது என்பதால். டாக்டர் சொன்னது இன்றைக்கும் வரி வரியாக நினைவிருக்கிறது: உலர்ந்தபடியே சுரண்டு. குச்சி, கத்தி முதுகு, வேறு எதுவும் தொடாதே. அரை மணி சுரண்டினால் அரை நாள் ஓய்வு கொடு. மூன்று நாள் ஆகும்.

முதல் நாள் சுரண்டியதில் 'ச' போனது. அதற்குப் பக்கத்துப் புள்ளிகூடப் போகவில்லை. இரண்டாம் நாள் காலையில் டாக்டர் ஒரு வீட்டில் கிளியைப் பார்க்கப் போயிருந்தார். வெளியே மழை, ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. ஸ்டோர் ரூமில் கதவுக்குப் பெயிண்ட் அடித்தவர்கள் விட்டுப்போன, பெயிண்டைக் கரைக்கிற தின்னர் பாட்டில் இருந்தது. அப்பாவின் கையில் ஒட்டின பச்சையைச் சின்ன வயதிலிருந்து தின்னர் தொட்டுத் துடைத்துவிடுவது நான்தான்; அப்பாவுக்கு ஒன்றும் ஆனதில்லை. அப்படித்தான் யோசித்தேன், அதற்கு யோசனை என்று பெயர் வைக்கலாம் என்றால்.

பஞ்சை நனைத்து ஒரே இழுப்பு. பச்சை அப்படியே கரைந்து வழிந்தது. மேனேஜர் புஸ்ஸென்று சீறித் தலையை உள்ளே இழுத்தது. கோபம் என்று நினைத்தேன். வழிந்ததில் கொஞ்சம் ஓட்டைக்குள் இறங்கியது. அதையும் பார்த்தேன். துடைத்துவிட்டு அடுத்த பஞ்சை எடுத்தேன். டீ குடிக்கப் போயிருந்த சஜி சேட்டன் திரும்பி வந்து, சுத்தமான முதுகைப் பார்த்துக் கையைத் தட்டினார்: "எடி முத்து, மூணு நாள் வேலையை மூணு பஞ்சுல முடிச்சிட்டியே!"

என் வாயிலிருந்து அதே வார்த்தை

பதினொன்றரைக்குப் போய்ப் பார்த்தேன். மேனேஜரின் தலை வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. காலைத் தொட்டேன், உள்ளே இழுக்கவில்லை. வாயோரம் நூல் நூலாக எச்சில். கண் மூடியிருந்தது. ஜன்னலைத் திறந்தேன். ஃபேனைக் கூட்டினேன். தரையை லோஷன் ஊற்றித் துடைத்தேன். பாட்டிலை அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். இதில் ஒன்றுகூட மேனேஜருக்காகச் செய்ததில்லை. ஜன்னலைத் திறந்ததுகூட வாசம் போகத்தான்.

பன்னிரண்டு மணிக்கு டாக்டர் வந்தார். பார்த்ததும் குடையைக் கீழே போட்டுவிட்டு மேனேஜரைத் தூக்கினார். சுத்தமான முதுகைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "முத்து, எந்தா இது? காலையில நல்லா இருந்ததல்லோ. பெயிண்டை எப்படி எடுத்தே?"

"சுரண்டித்தான் எடுத்தேன். வேற ஒண்ணும் செய்யல டாக்டர்."

அவ்வளவு சுலபமாக வந்தது. டாக்டர் நம்பிவிட்டார். நான் பொய் சொல்கிறவள் இல்லை என்பது அந்தச் சந்துக்கே தெரியும், அதனால்தான் நம்பினார். ஓட்டையில் இருந்த கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது என்று முடிவு கட்டினார். அதற்கு ஒரு ஊசி இருக்கிறது. கிட்னிக்கு ரொம்பப் பாரம், இந்த நிலைமையில் தாங்குமா என்று தெரியாது, ஆனால் கிருமிதான் காரணம் என்றால் வேறு வழியில்லை என்றார். ஸ்டாக்கில் இல்லை. சஜி சேட்டன் மழையில் மருந்துக்கடைக்கு ஓடினார். அவர் வருகிற வரை நான் மேனேஜரின் எச்சிலைத் துடைத்துக்கொண்டு நின்றேன். சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு நிமிஷமும் நினைத்தேன். ஒவ்வொரு நிமிஷமும், இதற்கு முந்தின நிமிஷமே சொல்லியிருக்கலாமே, இப்போது சொன்னால் இன்னும் மோசமாகத் தெரியுமே என்று தோன்றியது. இப்படியே ஐம்பது நிமிஷம்.

பஞ்சு எடுக்க வெளியே வந்தேன். ஹாலில் லீலா சேச்சி, அம்முவுக்கு வாராவாரம் மருந்து வைக்க வந்தவர், வாளியோடு உட்கார்ந்திருந்தார். "மோளே, இங்கே வா. கையைக் காட்டு" என்றார். காட்டினேன். மோந்து பார்த்தார். என்னைப் போல் கத்தவில்லை, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. "இது லோஷன் மணம் இல்லல்லோ" என்று மட்டும் சொல்லிக் கையை விட்டார்.

உள்ளே போனேன். ஊசி வந்துவிட்டது. டாக்டர் சிரிஞ்சில் காற்றை வெளியேற்றிக்கொண்டிருந்தார். முன்காலை இழுத்துப் பிடி என்றார். பிடித்தேன். கால் துணி மாதிரி வந்தது. "டாக்டர், தின்னர்" என்றேன்.

அவர் கை நின்றது. "எப்போ?" "பத்தரைக்கு." "எவ்வளவு?" "மூணு பஞ்சு." "ஓட்டையில இறங்கிச்சா?" "இறங்கிச்சு." சிரிஞ்சைத் தட்டில் போட்டார். நான் அழ ஆரம்பித்தேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. "உன்னைத் திட்ட நாளைக்கு நேரம் இருக்கு முத்து, இப்ப வெந்நீர் எடு."

சனிக்கிழமை வரைக்கும்

வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஓட்டைக் கழுவினோம், ஓட்டையைத் தனியாகக் கழுவினோம், மறுபடியும் கழுவினோம். ரப்பர் கையுறையின் விரலை வெட்டி முகத்தில் மாட்டி ஆக்சிஜன் வைத்தோம். தோலுக்கு அடியில் சலைன் ஏற்றினோம். சாயங்காலம் வரை கால் உள்ளே போகவில்லை. ஆறு மணிக்கு அண்ணாச்சியும் அப்பாவும் மேனேஜருக்குப் பிடித்த செம்பருத்தி இலையோடு வந்தார்கள். "நீ சொல்றியா, நான் சொல்லட்டா?" என்றார் டாக்டர். நானே சொன்னேன். டாக்டர் உலர்ந்தபடி சுரண்டச் சொன்னார், நான் தின்னர் போட்டேன், கேட்டபோது இல்லை என்று சொன்னேன், ஐம்பது நிமிஷம் வீணாகப் போனது, பிழைக்குமா தெரியாது. ஒரே மூச்சில் சொன்னதால் நடுவில் யாரும் பேச முடியவில்லை.

அப்பா இலைப் பையை மேஜையில் வைத்தார். "பெயிண்ட் அடிச்சது நானு, தின்னர் போட்டது என் பிள்ள. ரெண்டும் எங்க வீட்டுக் கைதான் அண்ணாச்சி" என்றார். அடிக்கச் சொன்னது யார் என்று எனக்குத் தெரியும். வார்த்தை வாய் வரை வந்துவிட்டது. அப்பா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். அண்ணாச்சி மேனேஜரின் தலையை ஒரு விரலால் தொட்டார். அது அசையவில்லை. அப்பாவின் பக்கம் திரும்பாமலேயே சொன்னார்: "சனிக்கிழம எடை போடுவேன், சுடலை, மேனேஜர் ஒரு கிராம் குறைஞ்சிருந்தாலும் அன்னையோட நீ என் தராசத் தொடாத."

ஈரத் துணி

மறுநாள் டாக்டர் திட்டவில்லை. அதற்கடுத்த நாளும் திட்டவில்லை. திட்டி முடித்திருந்தால் நான் நிம்மதியாகத் தரை துடைத்திருப்பேன். மழை விடவே இல்லை. வெயில் காட்ட வழியில்லாமல் விளக்கு வைத்துச் சூடு காட்டினோம். ஓட்டைக்கு இரண்டு வேளை மருந்து. மணிக்கு ஒரு தரம் பின்னங்காலைத் தொட்டுப் பார்ப்பேன். இழுக்காது. வீட்டில் அம்மா, "ஆமை சகவாசம் வேண்டாம்னு நான் அப்பவே சொன்னேன்" என்று பாத்திரத்தை உருட்டினாள். அப்பா என்னிடம் பேசியது ஒரு நாளைக்கு ஒரே கேள்வி. "கால் இழுக்குதா?" "இல்ல." அதோடு கையைக் கழுவிவிடுவார், பாதிச் சோற்றில்.

வியாழக்கிழமை மத்தியானம் மேனேஜரைத் துணியில் தூக்கி வெதுவெதுப்பான தண்ணீருக்குக் கொண்டுபோகும்போது என் சட்டை முன்பக்கம் நனைந்தது. முதலில் மழை ஒழுகுகிறது என்று மேலே பார்த்தேன். பிறகுதான் புரிந்தது. கத்தினேன். டாக்டர் ஓடி வந்து துணியைப் பிழிந்து பார்த்து, மோந்து பார்த்து, மூன்று நாளில் முதல் தடவையாகச் சிரித்தார்: கிட்னி வேலை செய்கிறது, இனிமேல் கிருமிக்கும் மருந்து ஆரம்பிக்கலாம். அன்றைக்குச் சாயங்காலம் கால் லேசாக உள்ளே போனது. நானும் டாக்டரும் அந்த ஈரத் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து சஜி சேட்டன் சொன்னார்: "ஒருத்தன் மூத்திரம் போனதுக்கு இவ்வளவு சந்தோஷப்படுற இடம் இந்தத் திருவனந்தபுரத்துல வேற எங்கேயும் இல்ல."

கடைத் தராசு

சனிக்கிழமை எட்டு மணிக்கு ஆட்டோ வந்து நின்றது. முதலில் இறங்கியது தராசு. கிளினிக்கில் நல்ல தராசு இருக்கிறது, ஆனால் அடுத்தவர் தராசை நம்பினால் அவர் வியாபாரி இல்லையாம். அப்பா அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து, மேஜையில் வைத்து, வயரைச் சொருகி, தோள் துண்டால் தட்டைத் துடைத்து, பூஜ்யம் காட்டுகிறதா என்று இரண்டு தடவை தட்டிப் பார்த்தார். கடையில் தினமும் செய்கிற அதே மாதிரி. கடைசித் தடவையாக இருக்கலாம் என்று தெரிந்தும் அதே மாதிரி. டாக்டர் உள்ளே ஒரு முயலுக்கு மயக்கம் கொடுத்திருந்தார்; வர முடியாது. நான்தான் மேனேஜரைத் தட்டில் வைத்தேன்.

போன சனிக்கிழமை ஆறு கிலோ இருநூறு. சிவப்பு எண்கள் ஓடி ஓடி நின்றன. ஆறு கிலோ இருநூற்று நாற்பது.

"ஏறிட்டு!" என்றார் அண்ணாச்சி. "எய்யா சுடலை, பாத்தியா, நாப்பது கிராம் ஏறிட்டு!" அப்பாவின் தோள் இறங்கியதைப் பார்த்தேன், அத்தனை நாளும் அதைத் தூக்கியே வைத்திருந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது. அண்ணாச்சி சாக்கை விரிக்கச் சொன்னார். "கொண்டு போயிருவோம். இது இல்லாம எனக்குக் கடையில கையே ஓட மாட்டேங்கு."

நான் பேசாமல் இருந்தால் அப்பாவுக்கு வேலை இருக்கும். நான் பேசாமல் இருந்தால் மேனேஜர், முதுகில் திறந்த ஓட்டையோடு, வத்தல் தூசிக்கும் ஈரச் சாக்குக்கும் திரும்பிப் போகும். ஒரு வாரம் தாங்காது. அப்பா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை அவர் கால் என் காலுக்கு எட்டாத தூரத்தில் இருந்தது.

"அண்ணாச்சி, அது எடை இல்ல. நாலு நாளா ஊசியில தண்ணி ஏத்தியிருக்கோம். அந்தத் தண்ணிதான் ஏறியிருக்கு. அதக் கழிச்சா போன வாரத்தவிடக் கம்மிதான். இப்பக் கொண்டுபோனா செத்துரும்."

"எவ்வளவு கம்மி?"

"சரியாத் தெரியல. நூறு கிராம் இருக்கும்."

அண்ணாச்சி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அப்பா தராசை அணைத்தார். சிவப்பு எண்கள் போயின. வயரைப் பிடுங்கி, முழங்கையில் போட்டு, மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தார். மேனேஜர் தட்டிலிருந்து ஒரு காலை வெளியே வைத்து, செம்பருத்தி இலை இருந்த பக்கம் கழுத்தை நீட்டியது. இலையை எடுத்துக் கொடுத்தேன். ஒரு கடி. அப்புறம் யோசித்து இன்னொரு கடி.

டாக்டர் கையுறையோடு வெளியே வந்தார், "எடை எப்படி?" என்று கேட்டுக்கொண்டே. அண்ணாச்சி பெஞ்சிலிருந்து எழுந்தார். "சுடலை, தராசக் கடையில கொண்டு வை, சரக்கு வாங்க ஆளு வந்து நிக்கும். அடுத்த சனிக்கிழமையும் இங்க தூக்கிட்டு வரணும், மறந்துராத" என்றார். அப்பா சுற்றின வயரோடு அப்படியே நின்றார். பிறகு டாக்டரைப் பார்த்து, ஒரு தடவை தும்மிவிட்டு, அண்ணாச்சி சொன்னார்: "முப்பது வருசமாச் சரக்கு எடுக்கேன் டாக்டர், இதுல தண்ணி ஏறியிருக்குன்னு தானா வாயத் தொறந்து சொன்ன ஆள இன்னைக்குத்தான் பாக்கேன், நானும் ஒண்ணு சொல்லிருதேன், அந்த மார்க்கா சாக்குல இருந்து ஒட்டல, நான்தான் அடிக்கச் சொன்னேன்."

ஓட்டை மூட ஒரு வருஷம் ஆகும் என்கிறார் டாக்டர். அதுவரை சனிக்கிழமை தவறாமல் தராசு வருகிறது, லீலா சேச்சி வரும்போதெல்லாம் என் கையை வாங்கி மோந்து பார்க்கிறார், யாராவது "ஒண்ணும் செய்யல" என்று ஆரம்பித்தால் நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்துக்கொள்கிறேன், என்னுடைய ஐம்பது நிமிஷத்தை இவர்கள் முறியடிக்கிறார்களா என்று.